வோல்ட் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாத லேப்டாப்: ஒரு சார்ஜர் வயர் பழுதான நிகழ்வு

## பின்னணி

மதுரையில் ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறார். பலசரக்குக் கடை, ஹார்டுவேர் கடை, ஒரு சிறிய அச்சகம் என்று சின்னச் சின்ன வியாபாரிகளின் பில்களை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்து கொடுப்பது அவர் வேலை. இந்த வேலையில் மாதத்துக்கு இரண்டு தேதிகள் முக்கியம். விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. பணம் வியாபாரியுடையது, ஆனால் பேச்சு வாங்குவது கணக்கு எழுதுபவர். சார்ஜர் கெட்டது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி அந்த 20ஆம் தேதியை மனதில் வைத்து எடுத்தவை.

லேப்டாப் வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கூடவே வந்த அடாப்டர்தான் இன்றுவரை. 65 வாட், 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். முனையில் உருண்டையான பின், அதன் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று. இந்த ஊசிதான் இந்தக் கதையில் முக்கியமான ஆள். பேட்டரி தளர்ந்துபோய், சார்ஜரைப் பிடுங்கினால் கால் மணி நேரம் தாங்கினால் பெரிது என்ற நிலை. ஆக, சார்ஜர் நின்றால் வேலை நின்றது.

பழக்கவழக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து வேலை செய்வார். பிளக் கட்டிலுக்குப் பின்னால். அடாப்டர் பெட்டி கட்டில் விளிம்பில் இருந்து தரைக்குத் தொங்காமல் பாதியில் ஆடிக்கொண்டிருக்கும், அதன் எடை முழுவதையும் பெட்டியிலிருந்து வயர் வெளியே வரும் இடம் தாங்கும். லேப்டாப்பில் குத்தும் பின் உள்ள முனை பலகையின் ஓரத்தில் அழுந்தி எப்போதும் ஒடிந்த மாதிரி மடிந்திருக்கும். வேலை முடிந்ததும் வயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிச் சுற்றி பையில் போடுவார். பெரும்பாலான வீடுகளில் சார்ஜர் இப்படித்தான் வாழ்கிறது, இவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பது என் தொழில். அவர் வீடு எங்கள் பக்கத்துத் தெரு.

## முதலில் தெரிந்த அறிகுறிகள்

சில மாதங்களாகவே பின்னை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலை இருந்திருக்கிறது. லேப்டாப்பை நகர்த்தினால் விளக்கு அணைந்து எரியும். லூஸ் காண்டாக்ட் என்று கருப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள், கொஞ்ச நாள் சரியாக இருந்தது, அப்புறம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் டேப். பிற்பாடு அவரே சொன்னது இது: "தொட்டா சுடும்ணே, மத்தபடி நல்லாத்தான் ஏறுச்சு."

அந்தச் சூடுதான் முதல் எச்சரிக்கை. நல்ல வயர் வேலை செய்யும்போது கையில் வெதுவெதுப்பாகக்கூடத் தெரியக் கூடாது. அடாப்டர் பெட்டி சுடுவது இயல்பு, வயர் அதுவும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சுடுவது இயல்பே இல்லை. உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சம் இருக்கும் கொஞ்ச இழைகள் வழியாக மொத்த மின்னோட்டமும் நெருக்கியடித்துப் போகிறது என்று அர்த்தம்.

ஒருநாள் மொத்தமாக நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பின்னுக்கு இரண்டு அங்குலம் தள்ளி வயரை வெட்டி, திரும்ப முறுக்கி இணைத்து, டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் லேப்டாப் ஓடியது. ஆனால் பேட்டரி ஏறவில்லை, மெஷின் ஆமை வேகத்துக்குப் போய்விட்டது, ஆன் செய்யும்போது அடாப்டரின் வகையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கருப்புத் திரையில் ஓர் அறிவிப்பு. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியதற்கு, மீட்டரை வைத்துப் பார்த்து, "வோல்ட் கரெக்டா 19.5 வருது, சார்ஜர்ல ஒண்ணும் இல்ல, லேப்டாப் போர்டுலதான் பிரச்சினை, விட்டுட்டுப் போங்க, ஒரு வாரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வாரம் விட்டுப்போக வழியில்லை. எல்லாருடைய கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது. 18ஆம் தேதி சாயங்காலம் லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

## கையில் வந்தபோது பார்த்தவை

அறிவிப்பைப் படித்ததுமே சந்தேகம் அந்த நடு ஊசி மேல் போனது. டெல், ஹெச்பி போன்ற சில நிறுவனங்களின் உருளைப் பின்னில் நடு ஊசி மின்சாரம் கொண்டுபோவதற்கு இல்லை, அடாப்டரை லேப்டாப் அடையாளம் காண்பதற்கு. சில வகைகளில் அடாப்டர் பெட்டிக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லு இருக்கும், இத்தனை வாட் என்று அது அந்த ஊசி வழியாக லேப்டாப்பிடம் சொல்லும். இந்த அடாப்டர் அந்த வகை. பதில் வரவில்லை என்றால், எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியாமல் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேட்டரிக்கு ஏற்றுவதையும் நிறுத்திவிடும். வோல்ட் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறாததற்கு இதுவே போதுமான காரணம்.

டேப்பைப் பிரித்தேன். சூட்டில் இளகி, பசை வெளியே வழிந்து, கையெல்லாம் பிசுபிசுத்தது. உள்ளே பற்றாசு, அதாவது சால்டர், இல்லை, சும்மா முறுக்கியிருந்தார்கள். இந்த வகை வயரை வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். வெளியே ரப்பர் உறை, அதற்குள் வலைபோலப் பின்னிய செம்பு இழைகள், அது நெகட்டிவ். அதற்குள் ஓர் உறை, அதற்குள் இன்னொரு செம்பு அடுக்கு, அது பாசிட்டிவ், 19.5 வோல்ட் அதில்தான் வரும். அதற்கும் உள்ளே, நட்டநடுவே, தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமனான உறை போட்ட ஒற்றை வயர். அதுதான் அடையாள வயர். இந்த இணைப்பில் அந்த நடு வயரை இரண்டு பக்கமும் வெட்டி அப்படியே விட்டிருந்தார்கள். இரண்டு வயர்தானே இருக்கும் என்று நினைத்து வேலை செய்திருப்பார்கள், அல்லது அதைக் கவனிக்கவே இல்லை.

சரி, நடு வயரைச் சேர்த்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. அதற்கு வோல்ட்டைச் சும்மா அளந்தால் போதாது. மீட்டர் மிகமிகக் குறைவான மின்னோட்டத்தைத்தான் இழுக்கும், அதனால் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டரில் 19.5 முழுசாகக் காட்டும். பக்கத்துக் கடையில் ஏமாந்தது இந்த இடத்தில்தான். லோடு கொடுத்து, அதாவது நிஜமாகவே மின்னோட்டத்தை இழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். என்னிடம் அலுமினிய உறை போட்ட 10 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது, அதோடு பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய டிசி ஜாக் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல சார்ஜரை அதில் குத்தினால் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும், வோல்ட் பெரிதாக இறங்காது. டேப்பைப் பிரித்த நிலையில், முறுக்கிய இணைப்பைக் கலைக்காமல் குத்திப் பார்த்தேன். லோடு இல்லாமல் 19.5 காட்டிய அதே சார்ஜரில் வோல்ட் 17.1க்கு இறங்கியது.

கணக்கு போட்டால் வயரில் மட்டும் 1.4 ஓம் தடை. அந்தச் சோதனையில் ஓடிய 1.7 ஆம்பியருக்கே அந்த இடத்தில் 4 வாட் சூடு. அடாப்டரின் முழு அளவான 3.34 ஆம்பியரை லேப்டாப் இழுத்திருந்தால் 15 வாட்டுக்கும் மேல் அந்த ஓர் அங்குல டேப்புக்குள் சூடாக மாறியிருக்கும், அதுவும் பஞ்சு மெத்தை மேல். நான்கு வயதுப் பிள்ளை விளையாடும் கட்டில் அது. அடாப்டரை அடையாளம் காணாமல் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதால்தான் அவ்வளவு தூரம் போகவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, பெட்டியிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில் ரப்பர் உறை வெடித்து, பின்னல் செம்பு லேசாக எட்டிப் பார்த்தது, அது கருத்திருந்தது. ஆனால் அங்கே வளைத்து நெளித்துப் பார்த்தபோது லோடு வோல்ட் அசையவில்லை, இழைகள் அறுபடவில்லை. இரண்டாவது, பேச்சுவாக்கில் அவர் சொன்னது: "லேப்டாப் மேல கை வெச்சா சில நேரம் சுர்ருங்கும்ணே." இது பலர் வீட்டில் நடப்பது. மூன்று பின் அடாப்டருக்கு எர்த் கிடைக்காவிட்டால், இரைச்சலை வடிகட்ட உள்ளே வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் லேப்டாப்பின் உலோக உடலுக்கு வரும். உயிருக்கு ஆபத்து என்ற அளவு இல்லை, ஆனால் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை என்பதற்கு அது நல்ல தடயம், அதை விட்டுவிடக் கூடாது.

சுவர் பக்கத்து வயர், அதாவது பிளக்கில் இருந்து பெட்டிக்கு வரும் ஏசி வயர், நன்றாக இருந்தது. அதில் ஒரு கீறல் இருந்திருந்தாலும் ஒட்டும் பேச்சுக்கே இடமில்லை. அது 230 வோல்ட். அது கழற்றி மாட்டும் வயர், கடையில் தனியாகவே கிடைக்கும், விலையும் குறைவு. அதை டேப் சுற்றிக் காப்பாற்ற ஒரு காரணமும் கிடையாது.

## முன்னால் இருந்த வழிகள்

முதல் வழி, பெட்டியைத் திறந்து டிசி வயரை, அதாவது பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு வரும் வயரை, முழுசாக மாற்றுவது. சென்னை ரிச்சி தெருவில் பின்னோடு சேர்த்து வயர் தனியாகக் கிடைக்கிறது, மற்ற ஊர்களிலும் தேடினால் கிடைக்கும். பெட்டி பக்கத்து வெடிப்பும் இதில் சரியாகிவிடும் என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் அந்தப் பெட்டிகள் திருகாணி போட்டு மூடியவை அல்ல, பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியவை. கத்தியும் சுத்தியலும் வைத்துத்தான் பிளக்க வேண்டும், பிளந்ததை மறுபடி அதே உறுதியோடு மூட முடியாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறி 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். என்னால் செய்ய முடியும், செய்திருக்கிறேன். ஆனால் சரியாக மூடாத 230 வோல்ட் பெட்டி ஒன்று சின்னப் பிள்ளை இருக்கும் கட்டிலில் கிடக்கப்போகிறது என்றால் அதை நான் செய்து கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது, கடையில் கிடைக்கும் எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும் என்று விற்கும் பொது அடாப்டர். பின் பொருந்தும், வோல்ட்டும் பொருந்தலாம், ஆனால் அடையாளம் சொல்லும் சில்லு இல்லாவிட்டால் இதே அறிவிப்பு, இதே ஆமை வேகம். எதிர்வீட்டுக்காரர் தன் சார்ஜரைத் தருகிறேன் என்றார், பின் அச்சு அசலாக அதேதான், ஆனால் வேறு நிறுவனத்துடையது. போட்டுப் பார்த்தோம், லேப்டாப் ஓடியது, பேட்டரி ஏறவில்லை. இந்த லேப்டாப்பில் பேட்டரி கால் மணி நேரம்கூடத் தாங்காது என்பதால், தாக்கல் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

மூன்றாவது, சரியான புது அடாப்டர். இதுதான் சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஊரில் விசாரித்தவரை அந்த வகை உடனே கையில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். 20ஆம் தேதிக்குள் வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

நான்காவது, பின்னுக்கு அருகில் உள்ள இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று வயரையும் முறையாகச் சேர்ப்பது.

"இருபதாம் தேதி வரைக்கும் ஓடுனாப் போதும்ணே, அப்புறம் என்ன வேணாலும் பண்ணிக்கலாம்" என்றார். அதுவே முடிவாயிற்று. இப்போது நான்காவது வழி, அது ஓடும் நேரத்தில் மூன்றாவதற்கு ஆர்டர். பெட்டி பக்கத்து வெடிப்பு இப்போதைக்கு அசையாமல் கட்டி வைக்கப்படும், ஆனால் அந்த வெடிப்பு இருக்கும்வரை இந்த சார்ஜர் நிரந்தரம் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

## இணைப்பைச் செய்த விதம்

பிளக்கை எடுத்துவிட்டு, பழைய இணைப்புக்கு இரண்டு பக்கமும் வயரைக் கொஞ்சம் தள்ளியே வெட்டினேன், பளபளவென்று நல்ல செம்பு தெரியும் வரை. கருத்த செம்பில் பற்றாசு ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். பின்னோடு சேர்ந்த துண்டு குட்டையாகிவிட்டது, ஆனால் பின்னுக்கு அருகில் அறுந்த இடமும் அதோடு போய்விட்டது. பின்னுக்கு மிக அருகில் மிச்சமிருந்த துண்டை நெளித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அது சரியில்லை என்றால் புதுப் பின் வைத்த வயர் துண்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, எந்த அடுக்கு எங்கே போகிறது என்பதை நிறத்தை நம்பாமல், தொடர்பு இருந்தால் ஒலிக்கும் பீப்பை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். வெளிப்பின்னல் பின்னின் வெளி உருளைக்கு, உள் அடுக்கு உள் உருளைக்கு, நடு வயர் ஊசிக்கு. ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை என்பதையும் பார்த்தேன். இந்த வேலையில் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் லேப்டாப்பின் உள்ளே பவர் பகுதி போய்விடலாம், 19.5 வோல்ட் அடையாள வயரில் பட்டால் அடாப்டர் சில்லோ லேப்டாப் பக்கமோ போகலாம். ஆகையால் இது சலிப்பாக இருந்தாலும் தாண்டிப்போகக் கூடாத வேலை.

சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயான ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துவிட வேண்டும், மூன்று மெல்லியதும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தடிமனானதும். மூன்று வயரையும் ஒரே நீளத்தில் வெட்டவில்லை. நடு வயரின் இணைப்பு ஓர் இடத்தில், பாசிட்டிவ் அதற்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, நெகட்டிவ் இன்னும் தள்ளி என்று படிக்கட்டு மாதிரி. எந்த இரண்டு இணைப்பும் பக்கத்துப் பக்கத்தில் வராததால், ஸ்லீவ் ஒன்று கிழிந்தாலும் ஷார்ட் ஆகாது. நடு வயர்தான் பொறுமையைச் சோதித்தது. அதன் உறை சால்டரிங் அயர்ன் பக்கத்தில் வந்தாலே சுருங்கி ஓடுகிறது, அதனால் முனைகளுக்கு முதலிலேயே பற்றாசு பூசி, இரண்டையும் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரே தொடுதலில் முடித்தேன். செம்புப் பின்னலைப் பிரித்து ஒரு பக்கமாகத் திரட்டி முறுக்கி, பற்றாசு ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, பற்றாசு உள்ளே இறங்கும் வரை சூடு காட்டினேன். மேலே மட்டும் திட்டாக நிற்கும் பற்றாசு இன்னொரு லூஸ் காண்டாக்ட்தான்.

எல்லாம் ஆறியதும் ஸ்லீவுகளைச் சுருக்கி, மேலே பசை உள்ள தடித்த ஸ்லீவைப் போட்டேன். பற்றாசு வைத்த இடம் விறைப்பாக இருக்கும், வளைந்தால் அதன் இரண்டு ஓரத்திலும்தான் இழைகள் மறுபடி அறும், அதனால் மேல் ஸ்லீவ் இரண்டு பக்கமும் நன்றாகத் தாண்டிப்போக வேண்டும். பெட்டி பக்கத்து வெடிப்புக்கும் அதே தடித்த ஸ்லீவை நெடுக்கில் பிளந்து சுற்றி, வயரை நேராகப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

10 ஓம் ரெசிஸ்டரில் மறுபடி குத்தியபோது 19.2 வோல்ட் நின்றது. நெளித்தாலும் அதேதான். கொஞ்ச நேரம் லோடில் விட்டுத் தொட்டுப் பார்த்ததில் இணைப்பும் வயரின் மற்ற இடங்களும் ஒரே மாதிரிதான் இருந்தன. லேப்டாப்பில் போட்டதும் அறிவிப்பு வரவில்லை, 65 வாட் அடாப்டர் என்று பயாஸ் திரையில் காட்டியது, பேட்டரி ஏறத் தொடங்கியது. போர்டில் ஒன்றும் கோளாறு இல்லை.

## 20ஆம் தேதி வரை

சில நிபந்தனைகளோடுதான் கொடுத்தேன். கட்டிலில் வேண்டாம், மேசையில் வைத்து வேலை செய்ய வேண்டும். பெட்டியும் மேசை மேலேயே, தொங்கக் கூடாது. அவர் பக்கத்தில் இல்லாதபோது பிளக்கில் இருக்கக் கூடாது, ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது கிடையவே கிடையாது. இடையிடையே இணைப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மற்ற இடத்தைவிட அது சூடாகத் தெரிந்தால் பிடுங்கிவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும். எல்லாக் கணக்கையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கவும் சொன்னேன், அது சார்ஜருக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் எல்லாம் ஒரே மெஷினில் இருக்கிறது என்ற பயத்தில்தானே அவரால் லேப்டாப்பைப் பழுதுபார்க்க விட்டுப்போகவே முடியவில்லை.

சூடு ஏறவில்லை. 3பி எல்லாம் உரிய தேதியில் போயிற்று.

## புது அடாப்டர் வாங்கியபோது

முதலில் ஒரு கடையில் இருந்து வந்தது ஒரிஜினல் என்று சொல்லப்பட்ட ஒன்று. விலை மலிவு. கையில் வாங்கியதுமே பழையதைவிட நன்றாக எடை குறைந்திருந்தது. எடையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, புது வடிவமைப்புகள் இலேசாகத்தான் வருகின்றன. ஆனால் லேபிளில் எழுத்துப் பிழை, ஆம்பியர் எழுதிய இடத்தில் அச்சு மங்கல், எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் தரும் பதிவு எண் பொருந்தவில்லை. இந்தியாவில் லேப்டாப் அடாப்டர்கள் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. ஆர் என்று தொடங்கும் ஒரு பதிவு எண்ணும், எந்தத் தர அளவுகோலின்படி என்ற விவரமும் லேபிளில் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்தப் பொருளுக்கு என்பது வந்துவிடும். இதில் இருந்த எண்ணைப் போட்டபோது வந்தது வேறு ஏதோ ஒரு பொருள். திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இந்தச் சோதனையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அடாப்டர் பெட்டிக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 19.5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, டிரான்ஸ்ஃபார்மரின் உறை, இரைச்சல் வடிகட்டும் கெப்பாசிட்டரின் தரம், இதெல்லாம் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மலிவாகச் செய்கிறவர்கள் கைவைப்பது அங்கேதான். அது உடைந்தால் 230 வோல்ட் வருவது லேப்டாப் வழியாக மடிக்கு.

இரண்டாவது, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் வாங்கியது. விலை முதலாவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அவர் யோசித்தார், அது நியாயமான யோசனைதான், வீட்டுச் செலவில் இது சின்னத் தொகை இல்லை. எண் பொருந்தியது, ரெசிஸ்டரில் குத்தினால் வோல்ட் நின்றது, லேப்டாப் உடனே அடையாளம் கண்டது.

பழைய சார்ஜரை வீட்டில் அவசரத்துக்கு என்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். பெட்டி பக்கத்து வெடிப்பு இருப்பதால் வேண்டாம் என்று சொல்லி நானே வாங்கி வந்துவிட்டேன். அலமாரியில் கிடக்கும் பழுதான சார்ஜரை என்றாவது ஒருநாள் யாராவது ஒரு அவசரத்தில் எடுத்துக் குத்திவிடுவார்கள்.

## வீட்டில் மாறியவை

எலக்ட்ரீஷியனை வரவைத்து கட்டில் பக்கத்து பிளக்கைத் திறந்து பார்த்ததில், எர்த் வயர் திருகில் இருந்து கழன்று பெட்டிக்குள் சும்மா கிடந்தது. மாட்டியதும் அந்தச் சுர்ர் நின்றுவிட்டது. சார்ஜரைப் பற்றிப் பேச வந்த இடத்தில் கிடைத்த பெரிய பலன் இது என்றுதான் நான் நினைக்கிறேன், அதே பிளக்கில்தான் அயர்ன் பாக்ஸும் போடுவார்களாம்.

வயரைச் சுற்றும் விதத்தையும் மாற்றிக்கொண்டார். பெட்டியிலிருந்து வரும் இடத்தில் முதலில் ஒரு தளர்ந்த வளையம் விட்டு, பிறகு கை அகல வளையங்களாகத் தளர்வாகச் சுற்றி வார் போட்டுக் கட்டுகிறார். பெட்டியைச் சுற்றி இறுக்குவதில்லை. பின்னை எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து எடுக்கிறார்.

## அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

வயர் சுடுகிறது என்று யாராவது சொன்னால் அன்றே நிறுத்தச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் மாதக் கணக்கில் அது சுட்டிருக்கிறது, யாருக்கும் அது ஓர் அறிகுறியாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் சார்ஜர் கொண்டுவரும் எல்லாரிடமும் இப்போது நான் முதலில் கேட்பது ஏறுகிறதா இல்லையா என்பதை இல்லை, எங்கே சுடுகிறது என்பதைத்தான்.

ஒட்டலாமா மாற்றலாமா என்பதை அறுந்த இடத்தை வைத்து முடிவு செய்யலாம். ஏசி பக்கம் என்றால் வயரை மாற்றுவது மட்டுமே. டிசி பக்கம், நடு நீளத்தில் அல்லது பின்னுக்கு அருகில் என்றால், முறையாகச் செய்யத் தெரிந்தவர் கையில் ஒட்டலாம். பெட்டியை ஒட்டிய இடம் என்றால், என் கருத்தில், அடாப்டரையே மாற்றுவது. டைப்-சி சார்ஜர் என்றால் ஒட்டவே வேண்டாம், அதற்குள் மெல்லிய வயர்கள் பல, எத்தனை வோல்ட் என்பதையே பேசித் தீர்த்துக்கொள்ளும் தகவல் வயர்களும் அதில் அடக்கம். 5 ஆம்பியர் கொண்டுபோகும் வயர்களின் முனைக்குள் தனிச் சில்லே இருக்கிறது. வயர் பெட்டியில் இருந்து கழன்று வரும் வகை என்றால், அதே வாட்டுக்கு ஏற்ற வேறு வயர் வாங்கினால் முடிந்தது.

முதலில் ஒட்டிக் கொடுத்த கடைப் பையனைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு இல்லை, வெட்டி எடுத்த பழைய இணைப்பைக் கையோடு கொண்டுபோய் நடு வயரைக் காட்டினேன். "இது ஷீல்டுக்குள்ள வர்ற நூல்னு நெனச்சேண்ணே" என்றான். செம்பு இழை எவ்வளவு மெல்லியது என்பதைப் பார்த்தால் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. லோடு கொடுத்துப் பார்ப்பது எப்படி என்று கேட்டான், ரெசிஸ்டர் எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். ரெசிஸ்டர் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் அலுமினியத் தகட்டில் திருகி வைக்கச் சொன்னேன், சில விநாடிகளுக்கு மேல் குத்தி வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இப்போது நடு ஊசி உள்ள சார்ஜர் வந்தால் மூன்று வயரையும் பீப் வைத்துப் பார்த்த பிறகுதான் டேப் எடுக்கிறான், பெட்டி பக்கம் வெடித்ததை வாங்குவதே இல்லை.